தொடாமல் பார்த்த வைத்தியம்

அண்ணல் அம்பேத்கர் 1935-36 காலத்தில் எழுதி, அவர் மறைந்து பல ஆண்டுகள் கழித்து வெளிவந்த சிறு நூல் 'விசாவுக்காகக் காத்திருத்தல்'. கோரேகாவ் மாட்டுவண்டிப் பயணம், பரோடா பார்சி விடுதி, தௌலதாபாத் கோட்டைக் குளம் ஆகியவற்றை நம் தோழர்கள் மேடைகளில் அடிக்கடி எடுத்துச் சொல்கிறோம். அதே நூலின் ஐந்தாவது பகுதியைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. அது அண்ணலுக்கு நேர்ந்த அனுபவம் இல்லை என்பது ஒரு காரணமாக இருக்கலாம். ஒரு டாக்டர் முறையாகக் கவனிக்க மறுத்ததால் ஓர் இளம்பெண் செத்துப்போன கதை அது. இன்றைக்கு நாம் கிளினிக்குகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் சந்திக்கிற பிரச்சினையைப் புரிந்துகொள்ள, அந்த நூலிலேயே நமக்கு மிகவும் தேவைப்படுகிற பகுதி அதுதான் என்று நினைக்கிறோம்.

நடந்தது இதுதான். கத்தியவார் பகுதியில், அதாவது இன்றைய குஜராத்தின் சௌராஷ்டிராவில், ஒரு கிராமத்துப் பள்ளியில் தீண்டப்படாத சமூகத்து ஆசிரியர் ஒருவர் வேலை பார்த்தார். அவருடைய மனைவிக்கு அந்த மாதம் 5ஆம் தேதி குழந்தை பிறந்தது. 7ஆம் தேதி உடம்புக்கு முடியாமல் போனது. வயிற்றுப்போக்கு, நெஞ்சில் அழற்சி, மூச்சுத்திணறல், விலாவில் தாங்க முடியாத வலி. ஆசிரியர் டாக்டரிடம் ஓடினார். உங்கள் வீட்டுக்கு வர மாட்டேன், குழந்தையையும் பார்க்க மாட்டேன் என்றார் டாக்டர். ஆசிரியர் ஊர்ப் பெரிய மனிதர்களிடம் போய்க் கெஞ்சினார். டாக்டருக்குச் சேர வேண்டிய 2 ரூபாய் ஃபீசுக்கு ஊர்ச் சேட் ஒருவர் ஜாமீன் நின்றார். அதன்பிறகுதான் டாக்டர் வந்தார், அதுவும் ஒரு நிபந்தனையோடு. சேரிக்குள் வர மாட்டார். நோயாளியைத்தான் சேரிக்கு வெளியே கொண்டுவர வேண்டும்.

பிள்ளை பெற்று இரண்டு நாளே ஆன பெண்ணைப் பச்சைக் குழந்தையோடு வெளியே கொண்டுவந்தார்கள். அப்போது இரவு எட்டு மணி இருக்கும். டாக்டர் தெர்மாமீட்டரை ஒரு முஸ்லிமிடம் கொடுத்தார். அவர் ஆசிரியரிடம் கொடுத்தார். ஆசிரியர் மனைவிக்கு வைத்துப் பார்த்தார். அதே வரிசையில் தெர்மாமீட்டர் டாக்டரிடம் திரும்பிப் போனது. விளக்கு வெளிச்சத்தில் அதைப் பார்த்துவிட்டு நிமோனியா என்று சொன்னார். போய்விட்டார். மருந்து மட்டும் வந்தது. ஃபீஸ் கைக்குப் போய்ச் சேர்ந்த பிறகும் இரண்டாவது முறை வந்து பார்க்க மறுத்துவிட்டார். அந்தப் பெண் இறந்துபோனார்.

அந்த ஆசிரியரின் கடிதம் 1929 டிசம்பர் 12ஆம் தேதி காந்தியின் 'யங் இந்தியா' இதழில் வெளியானது. அதில் டாக்டரின் பெயரும் இல்லை, ஆசிரியரின் பெயரும் இல்லை. பெயர் வெளிவந்தால் தன்மீது பழிதீர்ப்பார்கள் என்று ஆசிரியர் அஞ்சினார், அதனால்தான் பெயரைத் தவிர்க்கச் சொன்னார் என்று அண்ணல் குறிப்பிடுகிறார். மனைவியைப் பறிகொடுத்தவர்தான் ஒளிய வேண்டியிருந்தது. டாக்டர் அதே ஊரில் தொடர்ந்து வைத்தியம் பார்த்திருப்பார்.

இந்தக் கதையை 'டாக்டர் வர மறுத்தார்' என்று ஒரு வரியில் சுருக்கிவிட முடியாது. டாக்டர் வந்தார். காய்ச்சலை அளந்தார். நோய்க்குப் பெயர் சொன்னார். மருந்து அனுப்பினார். ஃபீஸ் அவருக்குப் போய்ச் சேர்ந்தது. ஒரு பதிவேட்டில் எழுதியிருந்தால் 'சிகிச்சை அளிக்கப்பட்டது' என்றே எழுதியிருப்பார்கள். வைத்தியம் மறுக்கப்படவில்லை, வைத்தியத்தின் தரம்தான் மறுக்கப்பட்டது. இந்த வேறுபாட்டை நாம் பிடித்துக்கொள்ள வேண்டும். 2 ரூபாய் ஃபீஸ் எல்லாருக்கும் ஒன்றாக இருக்கலாம். அந்த ஃபீசுக்குக் கிடைத்த வைத்தியம் ஒன்றாக இல்லை.

அன்றைய மருத்துவம் என்ன தெரிந்து வைத்திருந்தது என்று பார்ப்போம். ஸ்டெதாஸ்கோப்பை பிரான்சில் லென்னக் என்ற மருத்துவர் கண்டுபிடித்தது 1816இல். நெஞ்சில் விரலால் தட்டி ஓசையை வைத்து நுரையீரலின் நிலையை அறியும் முறை அதற்கும் முந்தையது. அப்படியானால் 1929இல் நிமோனியா என்று சந்தேகிக்கிற ஒரு டாக்டர் நெஞ்சில் தட்டிப் பார்க்க வேண்டும், ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்க வேண்டும், நாடி பிடிக்க வேண்டும், மூச்சை எண்ண வேண்டும் என்பது நூறாண்டுக்கும் மேலான பாடம். பிள்ளை பெற்ற சில நாட்களுக்குள் காய்ச்சல் வந்தால் பிரசவத் தொற்றா என்று பார்ப்பதும் அன்றைக்கே தெரிந்த விஷயம். அதற்கு வயிற்றைத் தொட்டுப் பார்க்க வேண்டும். இவற்றில் எதையும் அந்த டாக்டர் செய்ததாகக் கடிதத்தில் இல்லை. சில முழத் தூரத்தில் நின்று, மூன்று கை மாறி வந்த ஒரு கண்ணாடிக் குழாயைப் பார்த்து அவர் நோயைத் தீர்மானித்தார்.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிடுவோம். நிமோனியாவைக் குணப்படுத்தும் மருந்து 1929இல் கிடையாது. சல்ஃபா மருந்துகளும் பென்சிலினும் அடுத்து வந்த ஆண்டுகளில்தான் புழக்கத்துக்கு வந்தன. தொட்டுப் பார்த்திருந்தால் அந்தப் பெண் பிழைத்திருப்பார் என்று நம்மால் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் மருந்து இல்லாத காலத்தில் வைத்தியம் என்பதே பக்கத்தில் இருந்து கவனிப்பதுதான். உடம்பைச் சூடாக வைத்திருப்பது, நீராகாரம் கொடுப்பது, மூச்சும் நாடியும் எப்படிப் போகின்றன என்று மறுபடி மறுபடி வந்து பார்ப்பது. டாக்டர் மறுத்தது சரியாக அதைத்தான். போதாததற்கு, மூச்சுத்திணறலோடு இருந்தவரை இரவு நேரத்தில் வெளியே எடுத்துவரச் செய்தார். நோயாளிக்குத் தீங்கு செய்யாதே என்பது மருத்துவத்தின் பழைய விதி. டாக்டரின் சாதியைப் பாதுகாக்க அந்த விதி மீறப்பட்டது.

தெர்மாமீட்டர் கைமாறிய விதத்தையும் பாருங்கள். அது சுகாதாரத்துக்காக நடந்தது என்று யாரும் சொல்ல முடியாது. யார் கைவழியாகப் போனாலும் தெர்மாமீட்டர் பட்டது அந்தப் பெண்ணின் உடம்பில்தான். திரும்பி வந்து சேர்ந்தது டாக்டரின் கையில்தான். கிருமி பரவுவதைத் தடுப்பதற்கான ஏற்பாடு இல்லை இது. தான் தொடவில்லை என்று ஊருக்குக் காட்டுவதற்கான ஏற்பாடு. டாக்டருக்குக் கல்லூரி கிருமியைப் பற்றிக் கற்றுக்கொடுத்திருந்தது. ஊர் தீட்டைப் பற்றிக் கற்றுக்கொடுத்திருந்தது. அவருக்கு ஊர்ப் பாடம்தான் நினைவில் நின்றது. படித்தவன் சாதி பார்க்க மாட்டான் என்று இன்றும் நம்புகிறவர்களுக்கு அண்ணல் அன்றே கொடுத்த பதில் இந்த ஐந்தாம் பகுதி.

அந்தக் காலம் அப்படி, எல்லாரும் அப்படித்தான் இருந்தார்கள் என்று சிலர் சொல்வார்கள். அது பொய். 1929க்கு 32 ஆண்டுகளுக்கு முன்பு, 1897இல், புனே வட்டாரத்தில் பிளேக் பரவியது. சாவித்திரிபாய் புலேவும் அவருடைய வளர்ப்பு மகன் டாக்டர் யஷ்வந்தும் ஹடப்சர் அருகே பிளேக் நோயாளிகளுக்காக ஒரு மருத்துவமனை நடத்தினார்கள். முண்ட்வா கிராமத்து மகர் குடியிருப்பில் ஒரு சிறுவன் பிளேக்கில் கிடக்கிறான் என்று கேள்விப்பட்டு சாவித்திரிபாய் நேரில் போனார். சிறுவனைத் தன் முதுகில் சுமந்து மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார். அவருக்கும் பிளேக் தொற்றியது. 1897 மார்ச் 10ஆம் தேதி இறந்தார். அவர் டாக்டர் பட்டம் பெற்றவர் இல்லை. தொற்று நோய் என்று தெரிந்தே தொட்டார். கத்தியவார் டாக்டர் தீட்டுக்கு அஞ்சித் தொடாமல் நின்றார். இருவரும் ஏறக்குறைய ஒரே காலத்து மனிதர்கள்தான்.

நம் சென்னையிலும் இந்த வரலாற்றின் தடம் இருக்கிறது. திருவல்லிக்கேணி கடற்கரைப் பக்கம் இருக்கும் கஸ்தூரிபா காந்தி மகப்பேறு மருத்துவமனையைச் சென்னைக்காரர்கள் இன்றும் 'கோஷா ஆஸ்பத்திரி' என்றுதான் சொல்கிறார்கள். 1885இல் அதைத் தொடங்கியவர் மேரி ஷார்லீப். 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்த்துக்கொண்டபோது படிக்க வந்த முதல் நான்கு பேரில் ஒருவர். அந்த ஆஸ்பத்திரியின் அன்றைய பெயர், 'சாதி மற்றும் கோஷாப் பெண்களுக்கான' விக்டோரியா மருத்துவமனை. கோஷா என்றால் முகத்திரை அணியும் பெண்கள். 'சாதி' என்றால் சாதி இந்துப் பெண்கள். ஆண் டாக்டரிடம் காட்ட மாட்டோம், பிற சாதிப் பெண்களோடு ஒரே வார்டில் படுக்க மாட்டோம் என்று வீட்டிலேயே பிரசவத்தில் செத்துக்கொண்டிருந்த பெண்களைக் காப்பாற்றத்தான் அது கட்டப்பட்டது. பல உயிர்களைக் காப்பாற்றியது. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் சாதியின் நிபந்தனையை மருத்துவம் அப்படியே ஏற்றுக்கொண்டு, அதையே கட்டடத்துக்குப் பெயராகவும் வைத்தது. உள்ளே யாருக்கு இடம் என்பதைப் பெயரே சொன்னது. இந்தியா விடுதலை அடைந்த பிறகுதான் கஸ்தூரிபா பெயர் வந்தது. மக்கள் பேச்சில் 'கோஷா' மிஞ்சியது. 'சாதி' என்ற சொல் மட்டும் சத்தமில்லாமல் உதிர்ந்தது. சொல் உதிர்ந்தால் போதுமா என்பதுதான் நம் கேள்வி.

இதற்கு எதிர்ப்பக்கமும் நம்மிடம் இருக்கிறது. பண்டிதர் அயோத்திதாசர் சித்த வைத்தியர். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கிய அதே மனிதர்தான் நாடி பிடித்து மருந்தும் கொடுத்தார். மருத்துவ அறிவு நம்மிடம் இல்லாததால் நாம் வெளியே நிற்கவில்லை. நாடி பிடித்துப் பார்க்கும் மரபைத் தெரிந்து வைத்திருந்த ஒரு சமூகத்தைத்தான், நாடி பிடிக்கக்கூடத் தொட மாட்டோம் என்று சொன்னார்கள். இன்று தாம்பரம் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனைக்கு அவர் பெயர் இருக்கிறது. ஒரு நகரத்தின் ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து 'சாதி' என்ற சொல் போனதும், இன்னோர் ஆஸ்பத்திரிக்கு அயோத்திதாசர் பெயர் வந்ததும் தானாக நடந்தவை இல்லை. இரண்டுக்கும் பின்னால் நீண்ட அரசியல் இருக்கிறது.

இனி சட்டத்துக்கு வருவோம். 1948 நவம்பர் 29. அரசியல் நிர்ணய சபையில் தீண்டாமை ஒழிப்புப் பிரிவு ஏற்கப்பட்ட நாள். அதே நாளில் இன்னொரு பிரிவும் விவாதத்துக்கு வந்தது. இன்று அது 15(2). கடைகள், உணவகங்கள், கிணறுகள், குளங்கள், சாலைகள் ஆகியவற்றில் சாதியின் பெயரால் யாரையும் தடுக்கக் கூடாது என்பது அந்தப் பிரிவு. அதில் ஆஸ்பத்திரி என்ற சொல் இல்லை, கிளினிக் என்ற சொல்லும் இல்லை. சலவைக்காரர், முடிதிருத்துபவர் கடைகளெல்லாம் இதில் அடங்குமா என்ற பேச்சு வந்தது. அண்ணல் விளக்கினார்: கடை என்றால், கேட்டு வருகிறவர் யாராக இருந்தாலும் சேவை செய்யத் தயாராக ஒருவர் உட்கார்ந்திருக்கும் இடம். அப்போது ஓர் உறுப்பினர் இடைமறித்துக் கேட்டார், டாக்டரின் அறையும் வக்கீலின் அறையும் அடங்குமா என்று. நிச்சயமாக அடங்கும் என்றார் அண்ணல். அதோடு நிற்கவில்லை. உள்ளே நுழைய விடுவது என்ற குறுகிய பொருளில் நான் இதைச் சொல்லவில்லை, சேவையைப் பெறுவது என்ற விரிந்த பொருளில் சொல்கிறேன் என்று தெளிவுபடுத்தினார்.

கத்தியவார் டாக்டரின் கதையை எழுதிய அதே மனிதர்தான் இந்தப் பதிலைச் சொன்னவர் என்பதை நினைவில் வையுங்கள். நுழைவு போதாது, சேவை வேண்டும் என்று அவர் ஏன் பிரித்துச் சொன்னார் என்பது புரியும். அந்தப் பெண்ணுக்கு டாக்டர் கிடைத்தார், சேவை கிடைக்கவில்லை.

1955இல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்தது. 1976இல் அதன் பெயர் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று மாறியது. அதன் 5ஆம் பிரிவைத் தோழர்கள் எடுத்துப் படிக்க வேண்டும். பொதுமக்களுக்கான மருத்துவமனையிலோ மருந்தகத்திலோ தீண்டாமை காரணமாகச் சேர்க்க மறுப்பது குற்றம் என்பது அதன் ஒரு பாதி. சேர்த்த பிறகு உள்ளே பாகுபாடு காட்டுவதும் குற்றம் என்பது இன்னொரு பாதி. வாசலைத் திறந்துவிட்டுப் படுக்கையில் ஒதுக்கினாலும் குற்றம்தான். 6ஆம் பிரிவு, மற்றவர்களுக்குச் செய்யும் அதே சேவையை அதே நிபந்தனையில் செய்ய மறுப்பதைக் குற்றமாக்குகிறது. 12ஆம் பிரிவின்படி, பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவரானால், அந்தச் செயல் தீண்டாமையால் நடந்தது என்றே நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும். அப்படி இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு எதிர்த்தரப்புக்கு. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் செய்யப்பட்டு 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், மருத்துவமனை, மருந்தகம், ஆரம்ப சுகாதார நிலையம் ஆகியவற்றுக்குள் நுழைவதைத் தடுப்பதையும் வன்கொடுமைப் பட்டியலில் சேர்த்தது.

சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும் நிலைமை என்ன? 11 மாநிலங்களில் 565 கிராமங்களில் நடத்திய ஆய்வு 2006இல் 'ஊரக இந்தியாவில் தீண்டாமை' என்ற நூலாக வந்தது. கன்ஷியாம் ஷா, ஹர்ஷ் மந்தர், சுகதேவ் தோரட் உள்ளிட்டோர் எழுதியது. அரசு சுகாதாரப் பணியாளர்கள் தலித் வீடுகளுக்குள் வர மறுப்பது மூன்றில் ஒரு பங்குக் கிராமங்களில் நடப்பதாக அந்த ஆய்வு சொன்னது. குஜராத், ராஜஸ்தான் கிராமங்களில் தலித் குழந்தைகளுக்குக் கிடைக்கும் மருத்துவத்தைப் பற்றி சங்கமித்ரா ஆச்சார்யா செய்த ஆய்வு 2010இல் வெளிவந்தது. குழந்தைகள் அதிகம் சந்தித்த பாகுபாடு எது என்று அதில் பார்த்தால், தொடுவதில் காட்டிய பாகுபாடுதான். கத்தியவாரும் குஜராத்தில்தான் இருக்கிறது. 80 ஆண்டுகள் கழித்தும் பிரச்சினையின் பெயர் மாறவில்லை.

வாசலில் தடுத்தால் சாட்சி இருக்கும். தரத்தில் குறைத்தால் சாட்சி இருக்காது. இதுதான் இன்றைய சிக்கல். ஒரு டாக்டர் ஒருவருக்கு ஐந்து நிமிடமும் இன்னொருவருக்கு அரை நிமிடமும் ஒதுக்கினால் அதை எந்தக் கேமராவும் குற்றமாகப் பதிவு செய்யாது. கூட்டம், அவசரம், ஆள் பற்றாக்குறை என்று காரணம் தயாராக இருக்கும். பல நேரங்களில் அந்தக் காரணம் உண்மையாகவும் இருக்கும். எல்லா அவசரமும் சாதியால் வருவதில்லை. அதனால்தான் கோபத்தில் பேசுவதற்கு முன்பு ஒப்பிட்டுப் பார்க்க நாம் கற்றுக்கொள்ள வேண்டும். அதே கிளினிக்கில், அதே நாளில், அதே நோய்க்கு ஊர்த்தெரு ஆளுக்கு என்ன நடந்தது, காலனி ஆளுக்கு என்ன நடந்தது? கட்டிலில் படுக்க வைத்துப் பார்த்தார்களா, நிற்க வைத்தே பார்த்தார்களா? ஸ்டெதாஸ்கோப் நெஞ்சில் பட்டதா? ஊசி எதற்கு என்று சொன்னார்களா? என்ன நோய் என்று விளக்கினார்களா, சீட்டை மட்டும் நீட்டினார்களா? மாத்திரையைக் கையில் கொடுத்தார்களா, மேசையில் போட்டார்களா? நாம் போடுகிற பட்டியல் இது இல்லை. 1929இல் அந்த ஆசிரியர் எழுதிய கடிதமே இப்படித்தான் இருந்தது. எத்தனை மணிக்கு, எங்கே, யார் கையிலிருந்து யார் கைக்கு, எவ்வளவு ஃபீஸ் என்று அவர் ஒவ்வொன்றாக எழுதி வைத்தார். அப்படி எழுதியதால்தான் இன்று நாம் பேசிக்கொண்டிருக்கிறோம்.

யாருக்கு வைத்தியம் பார்ப்பது என்பது என் விருப்பம் என்று சொல்லும் டாக்டர்கள் இருக்கிறார்கள். 2002ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் நன்னடத்தை விதிகளைக் காட்டுவார்கள். கேட்டு வரும் ஒவ்வொருவரையும் பார்த்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் டாக்டருக்கு இல்லை என்று அந்த விதி சொல்வது உண்மை. ஆனால் அந்த விருப்பத்துக்கு எல்லை உண்டு. சாதியைக் காரணமாக வைத்து மறுப்பது விருப்பம் இல்லை, குற்றம். அவசர சிகிச்சையை அரசு டாக்டரோ தனியார் டாக்டரோ மறுக்கக் கூடாது என்று பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1989இலேயே சொல்லிவிட்டது. காசு வாங்கிக்கொண்டு செய்யும் வைத்தியம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995இல் சாந்தா வழக்கில் தீர்ப்பு வந்தது. எல்லாருக்கும் முழுக்க இலவசமாக வைத்தியம் பார்க்கும் இடங்களை அதே தீர்ப்பு அந்தச் சட்டத்துக்கு வெளியே வைத்தது. அரசு ஆஸ்பத்திரியை மட்டுமே நம்பியிருக்கும் நம் மக்களுக்கு இதனால் ஒரு கதவு அடைபட்டிருக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே நமக்குக் கைகொடுப்பவை குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டமும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும்தான்.

ஆகவே மாணவத் தோழர்களுக்கு நம் வேண்டுகோள் மூன்று. ஒன்று, நோயாளியோ அவர் பொறுப்பில் உள்ளவரோ கேட்டால் மருத்துவப் பதிவுகளை 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று அதே 2002 விதிகள் சொல்கின்றன. நம் காலனிகளில் இதை அறிந்தவர்கள் குறைவு. நம் வீட்டுப் பெரியவர்களோடு ஆஸ்பத்திரிக்குப் போகும்போது சீட்டையும் பரிசோதனை முடிவையும் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். இரண்டு, சந்தேகம் எழுந்த நாளிலேயே தேதி, நேரம், சொன்ன சொல், உடன் இருந்தவர் என எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். ஒருவர் எழுதினால் அது புகார். ஒரு காலனியில் ஐம்பது பேர் எழுதினால் அது ஆதாரம். மூன்று, புகார் கொடுக்கிறவரைத் தனியே விடாதீர்கள். அந்த ஊரில் ஒரே ஒரு டாக்டர்தான் இருப்பார். நாளை குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் அவரிடம்தான் போக வேண்டும். கத்தியவார் ஆசிரியர் பெயரை மறைத்தது இந்த அச்சத்தில்தான். அமைப்பின் பெயரில் புகார் போகட்டும், பலர் கையெழுத்தோடு போகட்டும்.

நம் மக்களைத் தொட்டு, உட்கார வைத்து, பொறுமையாகக் கேட்டு வைத்தியம் பார்க்கும் டாக்டர்களும் நர்சுகளும் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்கள் செய்வது தர்மம் இல்லை, அவர்களுடைய தொழிலின் முறை அது. முறையான வைத்தியம் எப்படி இருக்கும் என்று நமக்குக் காட்டுகிறவர்கள் அவர்கள்தான். அதே அளவுகோலை ஒவ்வொரு கிளினிக்கின் மேசை மீதும் நாம் வைப்போம்.

ஜெய்பீம்!